மூளிச் சட்டிக்கு நான் எழுதிய இரண்டு குறிப்புகள்

அருங்காட்சியக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பித்தளையை எப்படித் துடைப்பது, ஓலைச்சுவடியில் பூச்சி ஏறாமல் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அந்தத் தப்பால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது. எனக்குப் போகவில்லை. நான் முழுக் காலமும் வேலை பார்த்தேன். கடைசி நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகம். பெயர் வேண்டாம். அதில் நாட்டுப்புறப் பொருள் பிரிவுக்கு நான் காப்பாளர். கலப்பை, முறம், மரக்கால், மண்பாண்டம், மீன் பறி. செப்புச் சிலைகள் இருக்கிற அறைக்குத்தான் கூட்டம் வரும். எங்கள் அறைக்கு மழைக்கு ஒதுங்குகிறவர்கள் வருவார்கள்.

என் ஊர் நன்னிலம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் பண்ணை வேலைக்குப் போனவர்கள். அலுவலகத்தில் யாராவது கேட்டால் "விவசாயக் குடும்பம்" என்பேன். அது பொய் இல்லை. கேட்கிறவர் மனத்தில் நாலு வேலி நிலமும் ஓட்டு வீடும் வந்து நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். முப்பது வருஷத்தை அப்படியே ஓட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் இயக்குநர் ஒருமுறை ஜப்பான் போய்விட்டு ஒரு புத்தகத்தோடு வந்தார். நல்ல மனிதர், படித்தவர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "உங்க பிரிவுக்காகவே எழுதினது மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் இருந்த ஒரு சிந்தனையாளரின் கருத்துகள் அதில் இருந்தன. கையெழுத்துப் போட்டுத் தன் பெயரைப் பெரிதாக்கிக்கொள்ளும் கலைஞனைவிட, பெயர் தெரியாத கிராமத்துக் கை செய்த சட்டியும் கூடையும் துணியும்தான் உயர்ந்த அழகு என்றார் அவர். அந்தக் கைகளுக்கு நான் என்ற எண்ணம் கிடையாது, பழக்கம் மட்டுமே உண்டு. தினம் புழங்குவதற்காகச் செய்வதால் அதில் வேஷம் இல்லை. குறை இருந்தால் குறையும் அழகு.

இந்தக் கண் அவருக்குக் கொரியாவில் கிடைத்தது. அங்கே வனைந்த வெள்ளைப் பீங்கான் ஜாடியைப் பார்த்துத்தான் மனிதர் மாறிப்போனார். அப்போது கொரியா ஜப்பானின் கையில் இருந்தது. ஆளுகிற நாட்டுக்காரர் ஆளப்படுகிறவர்களின் ஜாடியைப் பார்த்து உருகினார். கொரியர்கள் வெள்ளை உடுத்துகிறார்கள், வெள்ளையில் வனைகிறார்கள், வெள்ளை துக்கத்தின் நிறம், ஜாடியின் வளைவிலேயே அந்த மக்களின் சோகம் ஓடுகிறது என்று எழுதினார்.

நான் அதைப் படித்து அழுதேன். சும்மா சொல்லவில்லை. என் அப்பா பின்னிய கூடையை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதுதான் உயர்ந்தது என்று எங்கோ ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்றால் அழுகை வராதா? அந்தக் கருத்தில் ஒரு நியாயம் உண்டு. இன்றைக்கும் அதை நான் மறுக்கவில்லை. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் சீர்காழிப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டுக்காரர் எங்கள் அறக்கட்டளையில் உறுப்பினர். கொல்லையில் கிடந்த பழம் பொருள்களையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றி எங்களுக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஏழு மண் சட்டிகள் இருந்தன. வாய் அகன்று, அடி சிறுத்து, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற சட்டிகள். கறுத்து, வழவழத்து, பார்க்கவே அழகாக இருந்தன.

இயக்குநருக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "மூணு நாட்டுக் கிண்ணங்கள்னு ஒரு கண்காட்சி வைப்போம் மேடம். ஜப்பான், கொரியா, நம்ம டெல்டா."

ஏழில் மிக அழகான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற ஆறையும் கிடங்கில் வைத்துப் பூட்டினேன். நம் தொழிலில் இது வழக்கம். ஒன்றைத் தனியாக, நல்ல வெளிச்சத்தில், சுற்றிலும் இடம் விட்டு வைத்தால்தான் பார்க்கிறவன் நிற்பான். தேர்ந்தெடுத்ததற்குக் குறிப்பு எழுதினேன்:

"மண் கிண்ணம். காவிரிப் படுகை. செய்தவர் பெயர் தெரியாது. புகழை நாடாத கைகள் அன்றாடப் பயன்பாட்டுக்காக வனைந்தது. விளிம்பில் உள்ள சிறு குறை இதன் அழகைக் கெடுக்கவில்லை, நிறைவு செய்கிறது. உழைக்கும் மக்களின் மௌனத் துயரம் இதன் வளைவில் உறைந்திருக்கிறது."

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "அபாரம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவர் பெயர் பாக்கியம். பாக்கியம்மா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பன்னிரண்டு வருஷமாக ஒப்பந்தக் கூலி. நிரந்தரம் செய்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் பிறந்தது அந்தப் பண்ணை வீடு இருந்த ஊர், வாழ்க்கைப்பட்டது தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கிராமம். பண்ணை வீட்டுக்காரர் சொல்லித்தான் அவருக்கு இந்த வேலை கிடைத்தது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாக்கியம்மாவின் தங்கையை என் ஊரில் எங்கள் தெருவுக்குத்தான் கொடுத்திருந்தது. நான் யார் வீட்டுப் பெண் என்று பாக்கியம்மாவுக்கு முதல் வாரமே தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் இயக்குநர் என் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கை விருந்தினர் முன்னால் செய்துகாட்டப் போகிறாராம். ஜப்பானிலிருந்து கொண்டுவந்த ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். குனிந்தார். குடிப்பதற்கு முன் கிண்ணத்தை மெதுவாக இரண்டு முறை திருப்பினார்.

"கிண்ணத்தோட முகத்துல வாய் வைக்கக் கூடாது மேடம். பணிவு. அதான் திருப்புறது."

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பாக்கியம்மா களுக்கென்று சிரித்துவிட்டார்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் இயக்குநர். கோபமில்லை, அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சார். நாங்களும் இப்படித்தான் திருப்புவோம்."

"பாத்தீங்களா மேடம்! நம்ம ஜனங்ககிட்டயும் இருக்கு! குறிச்சுக்குங்க, குறிச்சுக்குங்க!" அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

நான் நோட்டைத் திறந்தேன். "எதுக்குத் திருப்புவீங்க பாக்கியம்மா?"

"ஒதடு அறுத்துடும்ல."

"எது?"

"மூளிதான். கஞ்சிச் சட்டியில மூளி இருக்குற பக்கம் வாய வெச்சா அறுக்கும். அதான் திருப்பி இந்தப் பக்கமா வெச்சுக்கிறது. கொழந்தையில தெரியுமா நமக்கு? இந்தா பாருங்க." கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு கோடு.

"சட்டி எப்படி மூளியாச்சு?"

"ஆவுறது என்ன ஆவுறது, ஆக்குறதுதான். கொசவர் வந்து சட்டிய எறக்கி வெச்சிட்டுப் போனதும் பண்ணை வீட்டுப் பெரியம்மா அருவாமணக் கட்டையால ஓரத்துல ஒரு தட்டு தட்டுவாங்க. தட்டாத சட்டி உள்ள போவும். தட்டுன சட்டி கொல்லையில கவுந்து கெடக்கும், ஆளுங்களுக்கு. ரெண்டும் கலந்துடக் கூடாதுல்ல மேடம்? வீட்டுல உள்ளவங்க தெரியாம எடுத்துட்டா?"

சாதாரணமாகச் சொன்னார். தரை துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"நம்ம கண்ணாடிக்குள்ள இருக்கிற சட்டியா?"

"அதேதான். வண்டியிலேர்ந்து எறக்கையிலயே பாத்தேன். அடடா, நீயும் வந்துட்டியான்னு நெனச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. உங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்." என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க ஊர்ல வேற மாதிரியா?"

எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

கிடங்குக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஆறு சட்டிகளையும் வரிசையாக வைத்தேன். ஆறிலும் விளிம்பில் ஒரு சில்லு. கண்ணாடிக்குள் இருப்பதோடு சேர்த்தால் ஏழு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. கீழே விழுந்து உடைந்த சட்டி இப்படி உடையாது. இதைப் புரிந்துகொள்ள ஜப்பான் போக வேண்டியதில்லை.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். "விளிம்பு சேதம்." "விளிம்பு சேதம்." ஏழு வரி, என் கையெழுத்து. ஏழு முறை எழுதிய எனக்கு ஒருமுறைகூட ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அதுவும் எனக்கு. என் அம்மா வேலை பார்த்த பண்ணையில் சட்டிகூடக் கிடையாது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் செருகிவைத்த கொட்டாங்குச்சிதான். வேலை முடிந்தால் கழுவி மறுபடியும் அங்கேயே செருக வேண்டும். நானே செருகியிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் "குறை அழகை நிறைவு செய்கிறது" என்று எழுதினேன்.

என் கண்ணுக்கு முன்னால் சட்டி இருந்தது. கண்ணுக்குள் புத்தகம் இருந்தது.

மறுநாள் கண்காட்சிக்காகக் கொரியாவிலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. மண்பாண்டம் வனைகிறவர், அதைப் பற்றி எழுதுகிறவரும்கூட. காய்ப்பு ஏறிய கை. இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். என் குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, "சோகமா?" என்று கேட்டார். சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"எங்களையும் அப்படித்தான் எழுதினார்கள்" என்றார். "அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அரண்மனை வாசலை இடிக்கப் போனபோது தன் சொந்த அரசை எதிர்த்து எழுதியவர். எங்கள் பொருள்களுக்காக எங்கள் நாட்டிலேயே ஒரு காட்சியகம் வைத்தவர். எங்கள் மேல் அவருக்கு உண்மையான அன்பு இருந்தது. ஆனால் எங்களைப் பார்த்தபோதெல்லாம் அவருக்குக் கண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. என் அப்பா குயவர். சக்கரத்தில் உட்கார்ந்தால் கெட்ட கெட்ட பாட்டாகப் பாடுவார். அம்மா வந்து தலையில் தட்டுவார். அவர் வனைந்த ஜாடியும் வெள்ளைதான். அதில் சோகம் எங்கே இருக்கிறது?"

ஜப்பானியர்கள் தேநீர் குடிக்கப் பொக்கிஷமாக வைத்திருக்கும் கொரியக் கிண்ணங்களைப் பற்றியும் சொன்னார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கொரியக் கிராமத்துக் குயவர்கள் செய்தவை. சோற்றுக் கிண்ணம் என்கிறார்கள் சிலர், சாமிக்குப் படைக்கிற கிண்ணம் என்கிறார்கள் சிலர். செய்தவர்களைக் கேட்க முடிந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. பிறகு ஜப்பான் படையெடுத்து வந்தபோது குயவர்களையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அங்கே ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்" என்றார். "கிண்ணத்துக்கு."

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆறு சட்டிகளையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமலே புரிந்துகொண்டார். செய்கிறவருக்குத் தெரியும், எது விழுந்து உடைந்தது, எது அடித்து உடைத்தது என்று.

"யார் சொன்னது உங்களுக்கு?"

பாக்கியம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

"அப்படியானால் குறிப்பில் எழுத உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது" என்றார்.

அன்றைக்கே புதுக் குறிப்பை எழுதி அச்சடித்தேன். ஏழு சட்டிகளையும் வரிசையாகக் கண்ணாடிக்குள் வைத்தேன்.

"கஞ்சிச் சட்டிகள். பண்ணை ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றப் பயன்பட்டவை. வீட்டுச் சட்டிகளோடு கலந்துவிடாதிருக்க, வாங்கியதும் விளிம்பை வேண்டுமென்றே உடைத்தார்கள். சொன்னவர்: பாக்கியம், இந்த அருங்காட்சியகத்தின் துப்புரவுப் பணியாளர். சிறு வயதில் இவற்றில் கஞ்சி குடித்தவர்."

பெயரைத் தடித்த எழுத்தில் போட்டேன். "பெயர் தெரியாது" என்று எழுதியே பழகிய கைக்கு ஒரு பெயரை எழுதியதில் அவ்வளவு பெருமை. பாக்கியம்மா அன்றும் அதே அறையில்தான் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு வைத்தால் கேட்டிருக்கலாம், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று. கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஜப்பானியர் பெயரில்லாததைப் புகழ்ந்தார், நான் பெயரைப் போட்டுப் புகழ்கிறேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு வேறு. இயக்குநர் மற்ற விருந்தினர்களை அழைத்துவர வெளியூர் போயிருந்தார், விழா அன்று காலையில்தான் திரும்பினார். அவரிடமும் காட்டவில்லை.

காலை பத்து மணிக்குத் திறப்பு. பண்ணை வீட்டுக்காரர்தான் விளக்கேற்றினார். எழுபது வயது, வெள்ளை வேட்டி. நேராகத் தன் வீட்டுச் சட்டிகளிடம்தான் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குறிப்பைப் படித்தார். மறுபடி படித்தார்.

"பாக்கியம்."

பாக்கியம்மா தண்ணீர்த் தட்டோடு வாசல் பக்கம் நின்றிருந்தார். "ஐயா."

"இங்க வா. எங்கம்மா ஒனக்குக் கஞ்சி ஊத்துனாங்களா, இல்லியா?"

"ஊத்துனாங்கய்யா."

"வயிறு நெறஞ்சுதா, இல்லியா?"

"நெறஞ்சுதுங்கய்யா."

"இந்த வேலைக்கு ஒன்னைய யாரு சொல்லிவிட்டது?"

"ஐயாதான்."

"அப்ப இது என்ன?"

பாக்கியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து படித்தார். தன் பெயரை அப்போதுதான் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. பேருந்தில் கூட்டத்தில் பையை யாரோ அறுத்துவிட்டால் ஒரு நிமிஷம் திகைத்து நிற்போமே, அந்த மாதிரி இருந்தது.

இயக்குநர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கூட்டுற அம்மா ஏதோ சொன்னாங்கன்னு அச்சடிச்சுருவீங்களா மேடம்? சரி, சொல்லுங்க. வேற யாராவது சாட்சி இருக்காங்களா? ஒரே ஒரு ஆள் போதும். படிச்சவங்களா, பொறுப்புல இருக்கறவங்களா ஒருத்தர். 'ஆமா, எங்க வீட்டு ஆளுங்களையும் இப்படித்தான் நடத்துனாங்க'ன்னு சொன்னா போதும். நான் ஐயாகிட்ட பேசிக்கிறேன். குறிப்பும் இருக்கட்டும்."

அவர் உண்மையாகத்தான் கேட்டார். எனக்கு வழி திறந்துவிட்டார். ஒரு வார்த்தை போதும். நான் இருக்கிறேன் சார் என்றால் போதும்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் புதுக் குறிப்பை எடுத்துவிட்டோம். ஆறு சட்டிகள் கிடங்குக்குத் திரும்பின. ஒன்றைத் தனியாக வைத்துப் பழைய குறிப்பையே மறுபடி ஒட்டினோம். கொரிய விருந்தினர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். அச்சுப் பிழை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துபோனார். மாலையில் இயக்குநர் கிண்ணத்தைத் திருப்பித் தேநீர் குடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பாக்கியம்மா தரையில் சிந்தியதைத் துடைத்தார்.

மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுத்தில் இல்லை. எனக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை. நிரந்தரப் பணியாளரை அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. திறப்பு விழா அன்றைக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவர் ஊருக்குப் போனேன். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் நின்றேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபதை நெருங்குகிற வயதில், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, பாக்கியம்மா மறுபடி சேற்றில் இறங்கியிருந்தார். வரிசையில் அவர் மட்டும் பின்தங்கியிருந்தார். பக்கத்தில் நட்டவள் கேலி செய்தாள்.

"ஆபீஸ் அம்மாவுக்கு இடுப்பு வளையலடி! மொசைக்குத் தரைன்னு நெனச்சுக்கிட்டு வருது!"

"சும்மா கெடடி" என்றார். என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கரையேறி வந்தார். காலைக் கழுவவில்லை.

"அக்கா" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் வேணும்னு செய்யல. உங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான் பேர போட்டேன்."

"என் பேரப் போடச் சொல்லி நான் கேட்டனா?"

"இல்ல."

"நான் ஒங்ககிட்டதான் சொன்னேன். ஊருக்குச் சொல்லல. ஒங்ககிட்ட சொன்னா நம்மளுக்குள்ளன்னு இருந்தேன். ஏதோ சிரிப்பு வந்துச்சு, சொன்னேன்."

"உண்மை வெளிய வரணும்னு..."

"வரட்டும். யாரு வேணாங்குறா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீ ஏன் சொல்லல?"

'மேடம்' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்கு அது வலிக்கவில்லை. அந்தக் கேள்விதான் வலித்தது.

"ஒன்னைய வேலைய விட்டுத் தூக்க முடியுமா அவரால?"

"முடியாது."

"அப்ப எம் பேர எதுக்கு எழுதுன? ஒங்கம்மா எதுல குடிச்சுச்சு?"

"கொட்டாங்குச்சி."

"ஒங்கம்மா பேரு என்ன?"

அலுவலகத்தில் ஒரு படிவம் விடாமல் நிரப்பியிருக்கிறேன். அம்மா பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"தையல்நாயகி."

"நல்ல பேராத்தான் இருக்கு. அத எழுதறதுக்கு என்ன கேடு ஒனக்கு?"

அதற்குள் அங்கிருந்து குரல் வந்தது: "ஏ பாக்கியம்! நாத்து காயுது, கதை பேச வந்தியா?" அவர் திரும்பி வயலில் இறங்கிவிட்டார். நான் நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரும்பி வந்து செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வீரம் எதுவும் இல்லை. பதிவேட்டில் அந்த ஏழு வரிகளுக்கும் "விளிம்பு சேதம்" என்பதற்கு எதிரே, சட்டி ஏன் உடைக்கப்பட்டது என்று பேனாவால் எழுதினேன். அதற்குக் கீழே, இதே வழக்கத்தில் மாட்டுக்கொட்டகையில் கொட்டாங்குச்சியில் கஞ்சி குடித்தவர் தையல்நாயகி, நன்னிலம் வட்டம், அவர் மகளான நான் இதை எழுதுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் தாளைக் கிழிக்க முடியாது. இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் படித்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அவ்வளவுதான். பாக்கியம்மாவுக்காகக் கேட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்க வருகிறவர்களில் இரண்டு மூன்று பேர் குறைந்தார்கள். அதைப் பெரிய தண்டனை என்று சொன்னால் பாக்கியம்மா காறித் துப்புவார்.

அந்த ஜப்பானியரைப் பற்றி இப்போதும் யோசிக்கிறேன். பெயரில்லாதவர்களைப் புகழ்ந்தார், அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அதில் எனக்குக் கோபம் உண்டு. கொரியர்களின் சோற்றையும் சிரிப்பையும் விட்டுவிட்டு அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிலும் கோபம் உண்டு. ஆனால் தன் அரசை எதிர்த்து எழுதியபோதும் தன் பெயரில்தான் எழுதினார். அடி விழுந்தால் தன் மேல் விழட்டும் என்று எழுதினார். என்னால் அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

நீங்கள் குறிப்பு எழுதப் போகிறவர்கள். "செய்தவர் பெயர் தெரியாது" என்று எழுதும்போது கேட்டுவிட்டு எழுதுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு பெயரை எழுதும்போது, அதனால் அடி வாங்கப் போவது யார் என்று பாருங்கள். நீங்கள் இல்லையென்றால் பேனாவை மூடிவையுங்கள்.

பாக்கியம்மாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. போன குறுவைக்கும் நடவுக்குப் போனார் என்று அவர் தங்கை சொன்னாள்.